நான்டக்கெட் நாள்குறிப்பு: மானின் ரத்தத்தில் இரண்டு எழுத்துகள்

நாள் 1 – டிசம்பர் 1, ஞாயிறு

பாஸ்டனிலிருந்து காலையில் புறப்பட்ட எங்கள் வண்டியில் ஆள்களைவிடப் பெட்டிகளுக்கே இடம் அதிகம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஊதா மூடி போட்ட ரத்தக் குழாய்கள், எத்தனால் நிரப்பிய சுண்டுவிரல் நீளப் புட்டிகள், முனை கூரிய இடுக்கிகள், உலர்பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றின் மேல், கண்ணைக் கூச வைக்கும் செம்மஞ்சள் மேலாடைகள் கிடந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கி இரண்டு வாரம் நடக்கிறது. அதன் முதல் வாரத்தில் மான் சுட்டவர் அதை நேரிலேயே ஒரு சோதனை நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்டியாக வேண்டும். காட்டு மானைத் துரத்தாமலும் அதற்கு மயக்க ஊசி போடாமலும் அதன் ரத்தம் கிடைக்கக்கூடிய வாரம் இது ஒன்றுதான் என்பதால், எங்கள் ஆய்வகத்தில் இந்த வாரத்துக்கு யாரும் விடுப்புக் கேட்பதில்லை.

நாங்கள் தேடிப் போவது மானையன்று. மானின் மேல் ஒட்டி வாழும் உண்ணி கடத்தும் பாக்டீரியாக்களை. அவை உயிரோடு கையில் கிடைக்காது என்பதால், ரத்தத்திலும் உண்ணியின் உடலிலும் அவை விட்டுச்செல்லும் மரபணுத் தடயத்தைப் பி.சி.ஆர். சோதனையால் கண்டறிய வேண்டும்.

பிற்பகலில் ஹயானிஸ் துறைமுகத்தில் நான்டக்கெட் தீவுக்குக் கப்பல் ஏறினோம். கப்பல் லூயிஸ் விரிகுடாவைக் கடக்கும்போது இடப்பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு நிலமுனை தெரிகிறது. அதன் பெயர் கிரேட் ஐலண்ட். தீவென்று பெயரில் இருந்தாலும் அது கரையோடு ஒட்டியதுதான். தனியார் நிலமாகையால் உள்ளே போக முடியாது. ஆனாலும் என் துறையில் இருப்பவர்கள் கப்பலின் இடப்பக்கத்தில்தான் நின்றுகொள்வார்கள். 1980களின் முற்பகுதியில் ஹார்வர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்பீல்மனின் குழு அங்கிருந்த மான்களை அகற்றிப் பார்த்தது. மான்களில் ஒரு பகுதியை மட்டும் நீக்கியபோது உண்ணிகள் சொல்லும்படியாகக் குறையவில்லை. அநேகமாக எல்லா மான்களும் போன பிறகே எலிகளின் மேல் இருந்த இளம் உண்ணிகளின் எண்ணிக்கை சரிந்தது. ஒரு பெண் உண்ணி மானின் மேல் வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்தால் சுமார் 2,000 முட்டைகள் இடும் என்பதை நினைத்தால், மிஞ்சிய மான்களே அந்த உண்ணிக் கூட்டத்தைத் தாங்கப் போதுமானவையாக இருந்ததில் வியப்பில்லை.

இருட்டிய பிறகு நான்டக்கெட்டில் இறங்கினோம். அறைக்கு வந்ததும் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "மானைத் தொடப் போறியாமே, பாவமில்லையாடி?" என்று கேட்டார். நான் சுடவில்லை, சுட்டதைத்தான் தொடுகிறேன் என்றேன். "அதுல இருக்கிற உண்ணி உன்மேல ஏறாதா?" என்ற அடுத்த கேள்வி, உண்மையில் முதல் கேள்வியைவிடப் பொருத்தமானது.

நாள் 2 – டிசம்பர் 2, திங்கள்

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பது விதி. முதல் மான் எட்டு மணிக்குப் பிறகே வந்து சேர்ந்தது. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுவதால், இறைச்சி கெடாது. நமக்கும் நெஞ்சுக்கூட்டில் தேங்கியிருக்கும் ரத்தத்தை ஊசியால் உறிஞ்சிக்கொள்வது எளிதாகிறது. மாநில உயிரியலாளர் கீழ்த்தாடையை நெம்பித் திறந்து, மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். அது மூன்று முகடுள்ள பால்பல்லாக இருந்தால் மானுக்கு வயது ஏறத்தாழ ஒன்றரைக்கு மேல் இருக்காது; விழுந்து இரண்டு முகடுள்ள பல் முளைத்திருந்தால் அதைவிட மூத்தது. அவர் வயதைச் சொல்ல, நான் எழுத, என்னுடன் வந்த மாணவர் ரத்தம் எடுக்க, ஒரு மானுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன.

ஊதா மூடிக் குழாயைத்தான் நாங்கள் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்னும் உப்பு இருக்கிறது. பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரினும் உறைவதைத் தடுக்கும். ஆனால் அது பி.சி.ஆர். வினையையும் சேர்த்தே தடுத்துவிடும். முதல் ஆண்டில் இதை அறியாமல் பச்சை மூடியை எடுத்துச் சென்று ஒரு வாரத்து உழைப்பை வீணாக்கியவரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதையைச் சொல்வதால் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

ரத்தம் எடுத்து முடிந்ததும் உண்ணி. காதின் உட்புறம், கழுத்து, முன்னங்கால்களுக்கு இடைப்பட்ட நெஞ்சுப்பகுதி என்று மயிரை எதிர்த்திசையில் கோதிக்கொண்டே போனால் கையில் தட்டுப்படும். இங்கே அதிகம் இருப்பது கருங்கால் உண்ணி. ஊரார் அதை மான் உண்ணி என்கிறார்கள். ரத்தம் குடிக்காத வளர்ந்த பெண் உண்ணி ஓர் எள்ளளவு. செங்காவி உடலின் முதுகில் ஒரு கறுப்புக் கேடயம். இளம்பருவத்தில் அது கசகசா அளவே இருக்கும். மானின் மேல் சில நாள் இருந்து குடித்தபின் சாம்பல் நிறத்தில் பட்டாணியாக ஊதிவிடுகிறது. ஊதிய பெண்ணின் அடிவயிற்றில் சிறிய ஆண் உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வளர்ந்த உண்ணிகளுக்கு மான் பந்திக்கூடமும் மணப்பந்தலும் ஆகும்.

எங்கள் வீட்டு மாடுகளின் உண்ணியை அப்பா பிடுங்கித் தணலில் போடுவார். வயலில் அந்த வேலையை உண்ணிக்கொக்கு பார்த்துக்கொள்ளும். இங்கே நான் அதே உண்ணியின் உறவுக்காரர்களை, வாயுறுப்பு முறியாமல் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து, மான் எண் எழுதிய புட்டியில் போற்றி வைக்கிறேன்.

மான் குளிரக் குளிர உண்ணிகள் அதை விட்டு இறங்கத் தொடங்குகின்றன. பிற்பகலில் வந்த ஒரு கிழட்டுக் கலையின் (ஆண் மானின்) மயிர் நுனிகளில் அவை முன்கால்களை நீட்டிக்கொண்டு நின்றன. கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே ஒட்டியிருந்த நாடாவின் மேல் ஒன்று நடந்துகொண்டிருந்ததை மாணவர் காட்டினார். அதையும் புட்டியில் போட்டு, 'என் கை' என்று எழுதினேன்.

நாள் 3 – டிசம்பர் 3, செவ்வாய்

இன்று கூட்டம் குறைவு; பேச நேரம் கிடைத்தது.

இத்தீவில் மான்கள் தொன்றுதொட்டு வாழ்ந்தவை அல்ல. 1922இல் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு கலையை மீன்பிடிப் படகொன்று மீட்டு இங்கே கொண்டுவந்து விட்டதாகவும், அது தனியாக இருப்பதைக் கண்டு இரக்கப்பட்டு 1926இல் மிச்சிகனிலிருந்து இரண்டு பிணைகள் (பெண் மான்கள்) வரவழைக்கப்பட்டதாகவும் இங்கே சொல்கிறார்கள். சதுர மைலுக்கு 12 முதல் 18 மான்கள் வரை என்பது மாநிலத்தின் இலக்கு; தீவில் இருப்பவை அதைவிட மிக அதிகம். மானைத் தின்னும் விலங்கும் இங்கு இல்லை. 1979இல் ஸ்பீல்மன் குழு இந்த உண்ணியைப் புதிய இனமாக விவரித்து 'இக்ஸோடஸ் டாமினி' என்று பெயரிட்டதும் நான்டக்கெட்டில் மனிதர்களுக்கு வந்த, உண்ணி கடத்தும் பபீசியா என்னும் நோயை ஆராய்ந்தபோதுதான். அது தெற்கு மாநிலங்களில் முன்பே அறியப்பட்ட 'இக்ஸோடஸ் ஸ்காபுலாரிஸ்' தவிர வேறில்லை என்று 1993இல் மற்றவர்கள் காட்ட, அந்தப் பெயர் மறைந்தது. பெயர்கள் சேர்வதும் பிரிவதும் இத்துறையில் அடிக்கடி நடப்பதுதான்.

பிணை ஒன்றைக் கொண்டுவந்த முதியவர், நாங்கள் ரத்தம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, "லைம் கிருமிதானே? இந்த மானில் இருக்குமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் பதில் சொல்கிறோம். கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நம்ப மறுக்கிறார்கள்.

லைம் நோய்க்குப் பெயர் தந்த, கனெக்டிகட்டின் லைம் என்னும் ஊரிலும் அண்டை ஊர்களிலும் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதைக் கவனித்த பாலி மரி என்னும் தாய் 1975இல் அதிகாரிகளிடம் முறையிட்டார். ஆலன் ஸ்டீர் 1977இல் வெளியிட்ட ஆய்வில் 51 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் 39 பேர் பிள்ளைகள். நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து அனுப்பப்பட்ட உண்ணிகளின் குடலில் வில்லி பர்க்டார்ஃபர் 1981இல் திருகு வடிவ பாக்டீரியாக்களைக் கண்டார். பிற்பாடு அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நோய் பரவிய இடத்திலெல்லாம் மானும் இருந்ததால், மானே கிருமியின் உறைவிடம் என்று ஊரார் முடிவுகட்டினார்கள். ஆனால் 1988இலேயே சாம் டெல்ஃபோர்டும் உடன் பணியாற்றியோரும், மான் இக்கிருமியை உண்ணிக்குத் தருவதில்லை என்று காட்டினார்கள். வெண்வால் மானின் ரத்தநீர் இந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது என்பது 2023இல் வெளியான ஆய்வகச் சோதனையிலும் தெளிவாயிற்று. கிருமியைத் தருவது வெள்ளைக்கால் சுண்டெலி. மான் உண்ணிக்குச் சோறு போடுகிறது. எலி அதன் கையில் நஞ்சைக் கொடுக்கிறது.

"பிறகு எதைத் தேடுகிறீர்கள்?" என்றார் முதியவர். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அனாபிளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறி வாழ்வது அது. மனிதர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைதல் ஆகியவற்றை உண்டாக்கும், டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்துக்கு அடங்கும். மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் நோயாளிகளிடம் கண்டறிந்து 1994இல் இதை விவரித்தார்கள். ஆடு மாடுகளுக்கு வருவது ஒன்று, குதிரைக்கு வருவது ஒன்று, மனிதனுக்கு வருவது ஒன்று என மூன்றாக எண்ணப்பட்டவற்றை 2001இல் ஒரே பெயரின் கீழ் சேர்த்தார்கள். மானின் ரத்தத்தில் இது தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மானில் கிடைப்பது பெரும்பாலும் மனிதனை நோயுறச் செய்யும் வகை அன்று. ரோட் ஐலண்டிலும் கனெக்டிகட்டிலும் தெரியவந்த அந்த மான் வகைக்கு 'வேரியன்ட் 1' என்று பெயர். ஏறத்தாழ 1,500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள 16எஸ் என்னும் மரபணுவில், மனித வகைக்கும் அதற்கும் இரண்டே எழுத்து வேறுபாடு. அது எலியில் வளர்வதில்லை, மானில் வளர்கிறது. மரம் மறமாவதற்கு ஓர் எழுத்து மாறினால் போதும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. முதியவருக்கு இதை ஆங்கிலத்தில் விளக்க எனக்குச் சரியான உவமை கிடைக்கவில்லை.

அவர் தலையசைத்துவிட்டு, தாம் சுட்ட மானைத் தாமே உண்ண முடியாது என்றார். தனிநட்சத்திர உண்ணி கடித்ததிலிருந்து அவருக்கு ஆல்ஃபா-கால் ஒவ்வாமையாம். கால்நடை இறைச்சியோ மான் இறைச்சியோ உண்டால் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிக்கிறது. மகள் வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். பெண்ணின் முதுகில் ஒரு வெண்புள்ளியுடைய அந்த உண்ணி தெற்கிலிருந்து வடக்கே பரவி வருகிறது. அது கடத்தும் எர்லிக்கியா சாஃபீன்சிஸ் என்னும் பாக்டீரியாவுக்கு மான்தான் உண்மையான உறைவிடம். ஆகவே, மான் குற்றமற்றது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

நாள் 4 – டிசம்பர் 4, புதன்

பிற்பகலில் காற்று பலத்தது. நாளை கப்பல் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அறையின் சாப்பாட்டு மேசையில் நுண்ணோக்கியை வைத்து உண்ணிகளை இனம் பிரித்து எண்ணினோம். சலித்தபோது மாணவரிடம் 1894ஆம் ஆண்டின் சுண்டெலிகளைப் பற்றிச் சொன்னேன். ஹயானிஸுக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள டென்னிஸ் என்னும் ஊரில் அந்த ஆண்டு பிடிக்கப்பட்டு, அருங்காட்சியகத்தில் உலர்த்தி வைக்கப்பட்டிருந்த எலிகளின் காதுத்தோலில், நூறாண்டு கழித்து, 1994இல் லைம் கிருமியின் மரபணுத் துண்டுகள் கிடைத்தன. லைம் ஊரில் நோய் பெயர் பெறுவதற்கு எண்பது ஆண்டு முன்பே கிருமி இங்கே இருந்திருக்கிறது. பி.சி.ஆரின் வல்லமை இது. அதன் குறையும் இதுவே: கிருமி உயிரோடிருந்ததா, செத்துக்கிடந்ததா என்பதை அது சொல்லாது.

நாள் 5 – டிசம்பர் 6, வெள்ளி

நேற்றுக் கப்பல் இல்லை. இன்று நண்பகலில் பாஸ்டன் திரும்பினோம். ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, நறுக்கி, புரோட்டினேஸ் கே என்னும் நொதியில் 56 பாகை வெப்பத்தில் இரவெல்லாம் ஊற வைத்தேன். உண்ணியின் ஓடு சிலந்தியினுடையதைப் போன்றது, எளிதில் கரையாது.

நாள் 6 – டிசம்பர் 7, சனி

டி.என்.ஏ.வைச் சிலிக்கா வடிகட்டியில் பிடித்து, கழுவி, எடுத்தாயிற்று. மூக்கில் குச்சி விட்ட கொரோனா நாள்களில் பி.சி.ஆர். என்னும் சொல் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. தேடும் மரபணுவின் இரு முனைகளிலும் ஒட்டக்கூடிய பிரைமர் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்த்து, சூடாக்கியும் ஆற்றியும் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கினால், 30 சுற்றில் ஒரு படி (நகல்) 107 கோடியாகிவிடும். படிகள் பெருகப் பெருக அந்தக் குழி ஒளிரத் தொடங்கும். அனாபிளாஸ்மாவைத் தேட 'எம்.எஸ்.பி.2' என்னும் மரபணுவைப் பயன்படுத்துகிறோம். ஒரே பாக்டீரியாவில் இதன் படிகள் நூற்றுக்கு மேல் இருப்பதால், ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாக இருந்தாலும் அகப்படும். ஆனால் மனித வகை, மான் வகை இரண்டுக்கும் இது ஒரே மாதிரி ஒளிரும்.

இந்தக் கூர்மையே இன்று என்னைத் தண்டித்தது. தட்டின் கடைசிக் குழியில் டி.என்.ஏ. இல்லாமல் வெறும் நீர் வைத்திருந்தேன். அது இருளாகவே இருக்க வேண்டும். 36ஆம் சுற்றில் அதுவும் மெல்ல ஒளிர்ந்தது. நீர்க்குழியை மூடுவதற்கு முன்பே கிருமி டி.என்.ஏ. வைத்திருந்த குழாயைத் திறந்தது நான்தான். அவசரம் தவிர வேறு காரணம் இல்லை. திரையில் அழகாக எழுந்து நின்ற மற்ற வளைவுகள் எதையும் இனி நம்புவதற்கில்லை. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, மேசையைப் பிளீச்சால் துடைத்து, புதிய நீரும் புதிய பிரைமரும் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிற்சேர்க்கை – டிசம்பர் 18, புதன்

இரண்டாம் முறை நீர்க்குழி இருளாகவே இருந்தது. ஒளிர்ந்த மாதிரிகளில் சிலவற்றின் 16எஸ் மரபணுவைத் தனியே பெருக்கி, எழுத்து வரிசை படிக்க அனுப்பியிருந்தேன், இன்று வந்தது.

முதலில் திறந்தது, உண்ணிகள் மயிர் நுனியில் நின்ற அந்தக் கிழட்டுக் கலையின் ரத்தம். எழுத்துக்கு ஒரு நிறமாக நான்கு நிற முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மாறக்கூடிய இரண்டு இடங்களிலும் மான் வகையின் எழுத்துகளே இருந்தன; ஐயத்துக்கு இடமில்லாத கூர்மையான முகடுகள். அடுத்து, அதே மானின் காதிலிருந்து எடுத்த, பட்டாணியாக ஊதிய பெண் உண்ணி. மற்ற எழுத்துகளெல்லாம் முந்தைய வரிசையோடு அப்படியே பொருந்திவர, அந்த இரண்டே இடங்களில் மட்டும் இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மனித வகையும் மான் வகையும் ஒரே உண்ணிக்குள் இருக்கின்றன.

மனித வகையை அது சிறு பருவத்தில் ஏதோவோர் எலியிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மான் வகைதான் சிக்கல். அது அந்த உண்ணியின் உடலில் குடியிருந்ததா, அல்லது அது குடித்த மானின் ரத்தத்தில் இருந்த கிருமியையே நான் உண்ணிக்குள் படித்தேனா? ரத்தம் நிறைந்த உண்ணியையே அரைத்துப் படித்துக்கொண்டிருக்கும்வரை இதற்கு விடை கிடைக்காது. எல்லாம் ஒளிர்ந்தன என்று முதல் தட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ரத்தம் குடிக்காத, மானின் மேல் ஏறாத வளர்ந்த உண்ணிகள் வேண்டும். பனி உருகியதும், ஏப்ரலில், அவை மீண்டும் புதர் நுனிகளில் ஏறி நிற்கும். அப்போது ஒரு மீட்டர் அகல வெள்ளைக் கம்பளித்துணியைக் கழியில் கட்டிப் புதர்களின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தால் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு இன்று சொல்லிவிட்டேன். என் கையில் நடந்த உண்ணியையும் சோதித்தாயிற்று. அது ஆண், எதுவும் ஒளிரவில்லை. அம்மாவிடம் அதை மட்டும் சொன்னேன்.